மொட்டு காத்திருக்காது

கேள்வி: பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கண் விழித்ததும் கைபேசியை எடுத்தால் ஒன்பது மணி வரை வீடியோதான். ஒளித்துவைத்தும் பார்த்தேன்; மூன்றாம் நாளே கை தேடுகிறது. எதற்காக எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: கைபேசி இருந்த நேரத்தில் வேறொன்றை வைக்காததால்தான் கை தேடுகிறது. முதலில் பேட்டரியில் ஓடும் அலாரம் கடிகாரம் வாங்குங்கள்; கைபேசி இரவில் கூடத்திலேயே சார்ஜ் ஏறட்டும். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, பதிவாவதையும் நிறுத்துங்கள். முகப்பில் வந்து விழும் வீடியோக்கள் நின்றுவிடும். வேண்டியதைத் தேடித்தான் பார்க்க முடியும்.

காலி நேரத்துக்கு நாங்கள் சொல்வது மல்லிகைதான். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்க முடியாது. உங்களை எழுப்ப அது போதும்.

நாள் முழுக்க வெயில் விழும் மாடியில் ஒன்றரை அடித் தொட்டி. அடி ஓட்டை மேல் ஓட்டுச்சில்லு. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. ஜூன் முதல் நவம்பருக்குள் வேர்விட்ட நாற்றை நடுங்கள். பூக்க ஆறு மாதமாவது ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

பலர் தோற்பது தண்ணீரில். விரலை ஓர் அங்குலம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தேங்கினால் வேர் அழுகும். நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள்.

பறித்ததை நனைத்த வாழைநாரில் கட்டி, பக்கத்து வீட்டுக்கு ஒரு முழம் கொடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். நாலு நாள் கொடுத்தால் ஐந்தாம் நாள் அவர்கள் எதிர்பார்ப்பார்கள். நீங்கள் கேட்ட 'எதற்காக' என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த பதில் அந்த எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது.

நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு, மேலே உள்ள கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். அதன்பின் மார்ச் வரை பூ அரிது. பழைய வழக்கம் திரும்புவது இந்த மாதங்களில்தான். புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கவாத்து முடிந்த மறுநாளே போய்விட்டு வாருங்கள்.