கவேலியர் என்ற சிறிய நாய் இனத்தின் குட்டிக்கு வம்சாவளிச் சான்றிதழ் இருந்தால் நல்ல பண்ணையில் பிறந்த ஆரோக்கியமான குட்டி என்று நம்பி வாங்கலாமா?

சான்றிதழை மட்டும் வைத்து நம்ப முடியாது. நீங்கள் சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டில் இருக்கிறீர்கள், பிள்ளைகள் நாய் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்கிறார்கள், கடையில் ஒரு கவேலியர் குட்டி பிடித்துப்போய்விட்டது, பேப்பர் எல்லாம் பக்காவாக இருக்கிறது என்று விற்பவரும் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்வியில் நீங்கள் கவேலியரையும் சான்றிதழையும் மட்டுமே குறிப்பிட்டிருக்கிறீர்கள்; மற்றவை என் ஊகம். ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு கவேலியர் இருப்பதால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

நாய்களின் வம்சத்தைப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம், 1873இல் லண்டனில் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம் தொடங்கப்பட்ட பிறகு உலகெங்கும் பரவியது. அந்தப் பதிவேட்டிலிருந்து வழங்கப்படும் சான்றிதழ், குட்டியின் தாய் எது, தந்தை எது, பாட்டன் பாட்டி எவை என்பதைச் சொல்லும்; அதையும் பெரும்பாலும் வளர்ப்பவர் எழுதிக் கொடுப்பதை ஏற்றுக்கொண்டே பதிகிறார்கள். தாய் நாய் எத்தனை முறை ஈன்றது, எத்தகைய கூண்டில் கிடந்தது, அதன் இதயம் எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் பெரும்பாலும் இடம் இருக்காது.

எங்கள் செல்லி குட்டியாக எங்களிடம் வரவில்லை. பண்ணையில் இனவிருத்திக்காக வைத்திருந்து, வயதானதும் ஒரு விலங்கு நல அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டவள் அவள். அந்த அமைப்பிடமிருந்து தத்தெடுத்தோம். அவள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானபோது வந்த வம்சாவளித் தாளும் கூடவே வந்தது. தடித்த தாளில், கண்காட்சிகளில் பட்டம் வென்ற முன்னோர்களின் பெயர்கள் சிவப்பு எழுத்தில் இருந்தன. அந்தத் தாளுக்கு உரியவளோ கம்பித் தரையிலேயே நின்று பழகியதால் பாத விரல்கள் அகன்று விரிந்து, புல்தரையில் இறக்கிவிட்டால் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உறைந்து நிற்பாள். வயிற்றில் அறுவைத் தழும்பு, தொங்கிப்போன மடி, வேரோடு அழுகிய கடைவாய்ப் பற்கள். லிஃப்ட் கதவு மூடும் ஓசைக்கே சிறுநீர் கழித்துவிடுவாள்.

முதல் பரிசோதனையிலேயே கால்நடை மருத்துவர் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இதயத்தின் மைட்ரல் வால்வில் கசிவு. கவேலியர் இனத்தில் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய பாதி நாய்களுக்கு இந்தக் கோளாற்றின் அறிகுறி கேட்கத் தொடங்கிவிடும் என்பது இதய மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருவதுதான் என்றார். இன்று செல்லிக்குக் காலையும் மாலையும் உணவுக்கு முன் வெறும் வயிற்றில் இதயத்துக்கான பிமோபென்டன் மாத்திரை. இரவில் அவள் தூங்கும்போது நானோ என் கணவரோ அருகில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறாள் என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறோம். முப்பதைத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகித்து உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த இதயத்தோடுதான் அவளைத் திரும்பத் திரும்பச் சினையாக்கினார்கள். அவளுடைய குட்டிகளும் இதே போன்ற சான்றிதழோடு யாருடைய வீட்டிலோ வளர்ந்துகொண்டிருக்கும். அதை நினைக்கும்போது வரும் கோபத்தை என்னால் இன்றும் அடக்க முடியவில்லை.

இது ஒரு பண்ணையின் கொடுமை மட்டும்தானே, பதிவேட்டைக் குறைகூறுவது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான் என்கிறேன். பதிவேடு மூடப்பட்ட ஒன்று. உள்ளே இருப்பவற்றுக்குப் பிறந்தவை மட்டுமே உள்ளே வர முடியும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சேர்க்கும்போது குறைகளும் சேர்ந்தே இறங்குகின்றன. பிரிட்டனில் இருந்த சுமார் 10,000 பக் எனும் தட்டை முக நாய்களிடம் காணப்பட்ட மரபணு வேறுபாடு, வெறும் 50 நாய்களிடம் இருக்கக்கூடிய அளவுதான் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். தாய்க்கும் மகனுக்கும், உடன்பிறப்புகளுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவதைக் கென்னல் கிளப் நிறுத்தியதே 2009இல்தான், அதுவும் தொலைக்காட்சியில் விவரம் வெளியாகி ஊரே கொதித்த பிறகு.

வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் இனத்தின் கதை இன்னும் வேதனையானது. அந்த இனம் முழுவதுக்குமே யூரிக் அமிலத்தைச் சரியாகக் கையாள முடியாத மரபணுக் குறை உண்டு. அதனால் சிறுநீர்க் கல் அடைத்து அவதிப்படும் நாய்கள் பல. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயிண்டர் இன நாயோடு கலந்து, பிறகு தொடர்ந்து டால்மேஷியன்களோடு மட்டுமே சேர்த்து, புள்ளி மாறாமல் அந்தக் குறை மட்டும் நீங்கிய குட்டிகளை உருவாக்கிக் காட்டினார். ஆனால் ரத்தம் கலந்துவிட்டது என்று இன ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அமெரிக்கப் பதிவேடு அந்த வழி வந்த நாய்களை முழுமையாக ஏற்றுக்கொண்டது 2011இல். தீர்வு கையில் இருந்தும் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவான காலம் நாய்கள் வலியில் துடித்தன என்றால், அந்தப் பதிவேடு காத்தது யாரை?

உங்கள் கவேலியருக்கே வருகிறேன். நார்வேயில் இந்த இனத்தை இப்போதைய முறையில் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று கீழ் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. இதயக் கோளாறு ஒருபுறம். மூளைக்குப் போதாத அளவு சிறிய மண்டையோட்டால் முதுகுத்தண்டில் நீர் கோத்து வரும் நோய் மறுபுறம். நடந்துபோகும்போது பின்னங்காலால் கழுத்தருகே காற்றைச் சொறிந்துகொள்ளும் கவேலியரைப் பார்த்தால், விளையாடுகிறது என்று சிரிக்காதீர்கள். வலியின் அடையாளமாக இருக்கலாம்.

வீட்டில் ஜாதி நாயை வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் அத்தையே கேட்டுவிட்டார். செல்லிக்காக எந்தப் பண்ணைக்கும் நாங்கள் பணம் கொடுக்கவில்லை. பண்ணைக்குத் தேவைப்படாமல் போனவளை ஏற்றுக்கொண்டோம். பொறுப்போடு இனவிருத்தி செய்பவர்களே கிடையாது என்றும் நான் சொல்ல வரவில்லை. பெற்றோர் நாய்களின் இதயத்தை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து, கோளாறு கண்டவற்றை விலக்கி, வாங்க வருபவரை வீட்டுக்குள் அழைத்துத் தாயைக் காட்டுபவர்கள் உண்டு. அத்தகையவர்களிடம் கேட்டவுடன் குட்டி கிடைக்காது.

இங்கே நம் ஊர் விதிமுறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீவக வீட்டுக்கு ஒரு நாய் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட நாய்கள் 62 இனங்களின் பெயர்ப் பட்டியலாக இருக்கின்றன. மூச்சுத் திணறும் பக் நாய்க்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டு. அதே உயரமுள்ள, திடகாத்திரமான கலப்பின நாய்க்குத் தனி வழிதான். 2012இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டத்தில், குறிப்பிட்ட நல அமைப்புகள் வழியாக மட்டும் சிங்கப்பூர் ஸ்பெஷல் எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாயைத் தத்தெடுக்கலாம். 2020இல் எடை வரம்பை நீக்கி, உயர வரம்பை 55 சென்டிமீட்டராக்கினார்கள். நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. இருந்தும் பெரும்பாலான மக்கள் வீவக வீடுகளில் வாழும் நாட்டில் இனப்பெயரே அனுமதிச் சீட்டாக இருக்கும்வரை, கடைக்காரர்களுக்கு ஜாதி நாய்க்கான தேவை குறையாது.

அந்தத் தேவையின் மலிவான வழி எப்படி இருக்கும் என்பதற்கு 2022 அக்டோபரில் மலேசிய எல்லையில் உள்ள துவாஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்ட லாரி ஒன்றே போதும். உள்ளே 26 நாய்க்குட்டிகளும் ஒரு பூனையும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு இது. கடத்தி வரும் குட்டி அந்தப் பாதுகாப்பையும் உடைக்கக்கூடும்.

ஆகவே கடைக்காரரிடம் சான்றிதழைப் பற்றிக் கேட்காதீர்கள். தாயை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாய், தந்தை இரண்டின் இதய ஸ்கேன் அறிக்கையையும், கவேலியர் என்பதால் தலை, கழுத்துப் பகுதி எம்ஆர்ஐ அறிக்கையையும் கேளுங்கள். தாயின் வயதையும், இது எத்தனையாவது ஈற்று என்பதையும் கேளுங்கள். 2022 ஏப்ரல் முதல் இங்குள்ள உரிம நிபந்தனைப்படி ஆறு வயதைக் கடந்த நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது. தாய் வெளிநாட்டில் இருக்கிறது, அறிக்கை பிறகு வரும், இன்று முன்பணம் கட்டினால் விலை குறையும் என்ற பதில்கள் வந்தால் பிள்ளைகள் அழுதாலும் வெளியே வந்துவிடுங்கள். கவேலியர்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், ஓய்வுபெற்ற இனவிருத்தி நாய்களுக்கு வீடு தேடும் அமைப்புகளிடம் பெயர் கொடுத்து வையுங்கள். மருந்துச் செலவு மாதந்தோறும் வரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள்.