நரம்பியல் சங்கத்தில் சேர்வதால் என்ன பயன்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வலிப்பு நோய் ஆய்வுக்காக ஜே-1 விசாவில் (பரிமாற்ற ஆய்வாளர்களுக்கான விசா) அமெரிக்கா வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆய்வகத் தலைவர் அமெரிக்கன் நியூரலாஜிக்கல் அசோசியேஷனில் (ஏஎன்ஏ) சேரச் சொல்கிறார். சீவியில் ஒரு வரி கூடுவதைத் தவிர அதனால் என்ன பயன்?

அந்த ஒரு வரிக்காக என்றால் சேரவே வேண்டாம். சங்கத்தில் கிடைப்பது ஆட்கள்: உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, உங்கள் வேலையைப் பார்த்து உங்களை நினைவில் வைத்திருப்பவர்கள். இங்கேயே மருத்துவம் படித்தவர்களுக்கு அப்படிப்பட்டவர்கள் ஐந்தாறு ஊர்களில் தானாகவே இருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு ஆய்வகத் தலைவர் ஒருவர்தான் இருப்பார். இது எங்கே இடிக்கும் தெரியுமா? உதவிப் பேராசிரியரை இணைப் பேராசிரியராக உயர்த்தும்போது வெளிப் பல்கலைக்கழகங்களிலிருந்து மதிப்பீட்டுக் கடிதங்கள் கேட்பார்கள். எழுதுகிறவர் உங்களுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவராகவோ உங்களுக்குக் கற்பித்தவராகவோ இருக்கக் கூடாது. பல இடங்களில் நீங்களே அவரிடம் போய்க் கேட்கவும் கூடாது, டிபார்ட்மெண்ட்தான் கேட்கும். பெயரே தெரியாத ஒருவரைப் பற்றி யாரும் நல்ல கடிதம் எழுத மாட்டார்கள். கிரீன் கார்டுக்கு ஈபி-1ஏ வழியில் (தனிச்சிறப்பான திறமை உள்ளவர்களுக்கானது) போனாலும் இப்படிப்பட்ட கடிதங்களுக்குத்தான் எடை அதிகம்.

எந்தச் சங்கம் என்பதில் பலரும் குழம்புகிறார்கள். உங்கள் தலைவர் சொன்ன ஏஎன்ஏ 1875-இல் தொடங்கியது. பல்கலைக்கழகங்களில் ஆய்வும் கற்பித்தலும் செய்யும் நரம்பியலாளர்களுக்கான சங்கம் அது; அனல்ஸ் ஆஃப் நியூராலஜி இதழும் அதனுடையதே. நெடுங்காலம் மூத்தவர்கள் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்றிருந்தது. இளையவர்களுக்கும் இடம் வேண்டும் என்று 1948-இல் தொடங்கிய அமெரிக்கன் அகாடமி ஆஃப் நியூராலஜி (ஏஏஎன்) இன்று அதைவிடப் பல மடங்கு பெரியது. நோயாளி பார்க்கும் மருத்துவர்கள், சிகிச்சை வழிகாட்டி நெறிகள், தொடர்கல்வி எல்லாம் அங்கே. ஏஏஎன் கூட்டம் வசந்தத்தில், ஏஎன்ஏ கூட்டம் இலையுதிர் காலத்தில். ஏஎன்ஏ கூட்டம் சிறியது என்பதே உங்களுக்கு நல்லது: டிபார்ட்மெண்ட் தலைவர்கள் உங்கள் ஆய்வை விளக்கும் போஸ்டருக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள். பயிற்சியில் இருப்பவர்களுக்குக் கட்டணம் குறைவு. ஆய்வகமே கட்டுமா என்றும் கேளுங்கள். இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் உங்கள் துறைக்கு அமெரிக்கன் எபிலெப்ஸி சொசைட்டி. இந்த இரண்டும் போதும்.

சேர்ந்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் கட்டிய காசு வீண். ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கடைசி நாள் கூட்டத்துக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். அதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். சுருக்கத்தில் 'முடிவுகள் பின்னர் தரப்படும்' என்று எழுதாதீர்கள், பெரும்பாலும் நிராகரித்துவிடுவார்கள். எத்தனை நோயாளிகள், எவ்வளவு வித்தியாசம் என்ற எண்கள் வேண்டும்.

போஸ்டரில் தலைப்பே முடிவைச் சொல்லட்டும். 'வலிப்பில் மூளை மின்னலைப் பதிவு (இஇஜி) பற்றிய ஆய்வு' என்று போட்டால் நின்று படிக்க ஆளிருக்காது. 'இரவுநேர இஇஜியில் இந்த அலை கூடினால் மறுவலிப்பும் கூடுகிறது' என்று போட்டால் நிற்பார்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய வரைபடம். செய்முறை ஓரத்தில் சின்னதாக. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். வந்தவர் நகர்ந்ததும் அவர் பெயரையும் கேட்ட கேள்வியையும் அங்கேயே குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளுக்குள் அந்தக் கேள்விக்கான பதிலுடன் மின்னஞ்சல் போடுங்கள். 'சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று மட்டும் எழுதும் மின்னஞ்சல் யார் நினைவிலும் தங்காது.

ஈபி-1ஏ பற்றி ஒன்று. பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். அதில் 'உறுப்பினர் பதவி' என்பது சிறந்த சாதனை இருந்தால்தான் சேர்க்கும் சங்கங்களுக்கு. பயிற்சியாளர் உறுப்பினர் பதவி அதில் வராது. ஆனால் 'பிறர் வேலையை மதிப்பிடுதல்' என்பது தனி அளவுகோல், அதை நீங்கள் இப்போதே தொடங்கலாம். உங்கள் தலைவருக்கு இதழ்களிலிருந்து மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரையை அவருடன் சேர்ந்து பாருங்கள். ஆனால் உங்கள் பெயரை ஆசிரியர் குழுவிடம் அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்த உழைப்புக்கு எந்தப் பதிவும் இருக்காது. நம்மவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் இப்படி எழுதிக் கொடுத்து ஏமாறுகிறார்கள். மதிப்பாய்வுக்கு நன்றி சொல்லி இதழ்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களை முதல் நாளிலிருந்தே தனி ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள்.

சங்கத்தின் பயிற்சி அமர்வுகளில் என்ஐஎச் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம்) இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் கே கிராண்டுகள் என்ற நிதியுதவிகள் பற்றி நிறையப் பேசுவார்கள். கே08, கே23 இரண்டுக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். கே99-க்கு அந்த நிபந்தனை இல்லை, ஆனால் போஸ்ட்டாக் (முனைவர் அல்லது மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) அனுபவம் நான்கு ஆண்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது. உங்களுக்குக் கணக்கு ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

வேறு இடத்தில் பேச அழைத்துச் சன்மானம் தருவதாகச் சொன்னால், வாங்குவதற்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் ஜே-1 பொறுப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். பேசி முடித்துவிட்டுக் கேட்டால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும்.