லீ-என்ஃபீல்டு நம்பர் 4: 100 கஜத்தில் ஆறு அங்குலம் மேலே அடிப்பது பற்றி

பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டு நம்பர் 4, 100 கஜத்தில் ஆறு அங்குலம் மேலே அடித்தால், மூஸ் (வடநாட்டுப் பெரிய மான்) வேட்டையில் கீழே குறிவைத்துச் சமாளிக்கலாமா என்பது கேள்வி. மூஸ் மானின் மார்புக்குக் கீழே குறிவைத்து ஈடுகட்ட வேண்டாம். பின் சைட்டின் (கண்ணுக்கு அருகே உள்ள குறிபார்க்கும் கருவியின்) மடக்குத் தகட்டை நிமிர்த்தி, 200 கஜக் குறியில் வைத்துச் சுட்டுப் பாருங்கள்.

தகடு மடங்கியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பெரிய துளை போர்க்களத்துக்காக 300 கஜத்துக்கு அமைக்கப்பட்டது. ஆகவே 100 கஜத்தில் குண்டு ஐந்தாறு அங்குலம் மேலே போவது துப்பாக்கியின் பழுதன்று, பெரும்பாலும் அந்த அமைப்பின் இயல்புதான். 200-இல் வைத்தால் இரண்டு, இரண்டரை அங்குலம் உயர்வே மிஞ்சும். காட்டு வேட்டைக்கு அது போதும், இன்னும் சொன்னால் வசதியும்கூட.

உங்கள் துப்பாக்கியில் 300, 600 என இரண்டே துளைகள் கொண்ட எளிய பின் சைட் இருந்தால், இந்த வழி பயன்படாது. அப்போது முன் சைட்டின் அலகை (குழலின் முனையில் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய துண்டை) உயரமானதாக மாற்ற வேண்டும். அலகுகள் 0.015 அங்குலப் படிகளில் கிடைக்கின்றன; ஒரு படி உயர்ந்தால் 100 கஜத்தில் குண்டு ஏறக்குறைய இரண்டு அங்குலம் இறங்கும்.

எதை மாற்றும் முன்பும், வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால், மேசையில் தாங்கி, மூன்று மூன்றாகச் சுட்டுச் சராசரியைப் பாருங்கள். பழைய ராணுவத் தோட்டாவால் சரிபார்த்துவிட்டு, 180 கிரெயின் (குண்டின் எடை அளவு) மென்முனைத் தோட்டாவுடன் காட்டுக்குப் போவது வீண்வேலை. முழு உலோக உறையிட்ட ராணுவக் குண்டு விலங்கின் உடலுக்குள் விரியாது என்பதால், கனடாவின் பல மாகாணங்களில் பெருவிலங்கு வேட்டைக்கு அதற்குத் தடையும் உண்டு.

ஓர் எச்சரிக்கை: போல்ட் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் பகுதி) மாற்றப்பட்ட துப்பாக்கிகள் சந்தையில் நிறைய. போல்ட்டின் எண்ணும் உடற்பகுதியின் எண்ணும் பொருந்தாவிட்டால், சுடுவதற்கு முன்பே துப்பாக்கிப் பழுதுநரிடம் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டின் முகப்புக்கும் தோட்டா அறையில் தோட்டா தாங்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, அளக்கச் சொல்லுங்கள்.