இறந்தவருக்கு வாழ்பவர் செய்யும் உதவி

கேள்வி: யூத சமயத்தில் மறுபிறவி நம்பிக்கை உண்டா? பேய்க்கதைகளில் வரும் 'திப்புக்' அந்த நம்பிக்கையைச் சேர்ந்ததா?

பதில்: உண்டு, ஆயினும் யூதர் அனைவரும் ஏற்ற கொள்கை அன்று அது. எபிரேய வேதம் இறந்தோர் சென்றடையும் 'ஷெயோல்' என்னும் பாதாளத்தைக் குறிப்பிடுகிறதே தவிர, மறுபிறவியை வெளிப்படையாகக் கூறவில்லை. 10ஆம் நூற்றாண்டின் பேரறிஞரான சாதியா காவோன் அக்கருத்தை மறுத்தே எழுதினார். பின்னர் 'பாஹிர்', 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிப்பட்ட 'ஸோஹார்' ஆகிய, கபாலா என்னும் யூத மறைஞான மரபின் நூல்கள் வழியாக அது வேரூன்றியது. இன்றைய இஸ்ரேலிலுள்ள ஸஃபேத் நகரில் 1572இல் மறைந்த கபாலா ஞானி ஐசக் லூரியாவின் போதனைகளை அவருடைய சீடர் ஹயிம் விட்டால் எழுதிவைத்தபோது, 'கில்குல்' எனப்படும் அக்கொள்கை விரிவான வடிவம் பெற்றது. முற்பிறவியில் நிறைவேற்றாமல் விட்ட கட்டளைகளை நிறைவேற்றவும் செய்த பிழைகளைச் சீர்செய்யவும் ஆன்மா மீண்டும் உடலெடுக்கிறது என்பது அதன் சாரம்.

திப்புக் இதன் துயரமான கிளை. பாவத்தின் மிகுதியால் நரகத்திலும் இடம் கிடைக்காமல் அலையும் ஆன்மா, உயிரோடிருக்கும் ஒருவரின் உடலில் தஞ்சம் புகுகிறது. அதை வெளியேற்றும் ரபி (யூத சமய குரு) அதன் பெயரையும் குற்றத்தையும் கேட்டறிவதாகவும், அதன் விடுதலைக்காகவும் பிரார்த்திப்பதாகவும் பல கதைகள் சொல்கின்றன. பீடிக்கப்பட்டவரோடு பீடித்த ஆன்மாவையும் காக்க முனையும் இந்தப் பரிவையே இக்கதைகளின் பெருஞ்சிறப்பாக நான் கருதுகிறேன்.

அப்பரிவை இன்னும் தெளிவாகக் காட்டுவது, பண்டைய யூத அறிஞரான ரபி அகிவாவைப் பற்றி இடைக்கால நூல்கள் கூறும் கதை. தலையில் விறகு சுமந்து ஓடிய ஒருவனை அவர் நிறுத்தி விசாரிக்க, தான் இறந்தவன் என்றும், வரி வசூலித்த காலத்தில் செல்வந்தருக்குச் சலுகை காட்டி ஏழைகளை வதைத்ததால், தன்னை எரிக்கும் விறகைத் தானே நாள்தோறும் சுமப்பதாகவும் அவன் சொல்கிறான். தனக்கு ஒரு மகன் இருந்து, அவன் சபையில் நின்று இறைவனைப் புகழ்ந்தால் விடுதலை கிட்டும் என்கிறான். அகிவா அவனுடைய ஊரைத் தேடிச் சென்று, எவராலும் கவனிக்கப்படாமல் வளர்ந்த மகனைக் கண்டு, எழுத்தும் வேதமும் பிரார்த்தனையும் கற்பிக்கிறார். சிறுவன் சபையில் இறைவனைப் புகழ்ந்ததும் தந்தை தண்டனையிலிருந்து விடுபடுகிறான்.

பெற்றோர் மறைந்த பின் பிள்ளைகள் சொல்லும் 'கதிஷ்' வழிபாட்டுக்கு இக்கதையையே மூலமாகக் காட்டுவர். கதிஷில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது பெரும்பாலும் இறைப்புகழ்ச்சியே. தீயோருக்கு நரகத்தில் 12 மாதம் தீர்ப்பு என்பது பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறும் மரபாதலால், தம் பெற்றோரைத் தீயோராகக் கருதலாகாது என்று பலர் கதிஷ் சொல்வதை 11 மாதத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர்.