தங்கத்தில் கரைந்த இரும்பு: கேள்வி பதில்

கே: உலோகத்தைக் குளிர்வித்தால் மின்தடை குறையும் என்றுதான் படித்தோம். கூடவும் செய்யுமா ஐயா?

ப: செய்யும். 1934-ல் நெதர்லாந்தின் லைடனில் டி ஹாஸ், டி போயர், வான் டென் பெர்க் மூவரும் தங்கக் கம்பியை அளந்தபோது, சில கெல்வினுக்கு வந்ததும் தடை மறுபடி ஏறியது. முப்பது வருடம் சரியான விளக்கம் இல்லை. தங்கத்தில் கரைந்திருந்த துளி இரும்புதான் ஆள். சாதாரண மாசு வழியில் கிடக்கும் கல் மாதிரி, எந்தக் குளிரிலும் ஒரே இடைஞ்சல். இரும்பு அணுவுக்கு ஸ்பின் (குட்டிக் காந்தம் போன்ற குணம்) உண்டு. மோதும் எலக்ட்ரானின் ஸ்பின்னைத் திருப்பிவிட்டுத் தானும் திரும்பிக்கொள்ளும், அடுத்து வருகிற எலக்ட்ரான் பார்ப்பது மாறிப்போன அணுவை. 1964-ல் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கோண்டோ இதைக் கணக்கில் சேர்த்து, படிப்படியான தோராயத்தில் மூன்றாம் படிவரை போனார். வெப்பநிலையின் மடக்கை (log) கொண்ட ஓர் உறுப்பு வந்து நின்றது: குளிரக் குளிர மோதல் வலுக்கிறது. இதற்குப் பெயர் கோண்டோ விளைவு. உலோக அணுக்களின் அதிர்வால் வரும் தடையோ வெப்பநிலையின் ஐந்தாம் அடுக்கில் சரிகிறது. ஏற்றமும் சரிவும் ஈடாகும் இடத்தில்தான் தடை மிகக் குறைவு.

கே: மாசைக் கூட்டினால் அந்தக் கீழ்ப்புள்ளி நகருமா?

ப: நகரும், ஆனால் சோம்பேறித்தனமாக. 32 மடங்கு இரும்பு போட்டால் வெப்பநிலை இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். ரொம்பப் போட்டால் இரும்பு அணுக்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். அது வேறு கதை.

கே: இது மீகடத்தலா?

ப: இல்லை. அதில் தடை மறையும், இதில் ஏறும்.

கே: 1911-ல் பாதரசத்தில் கண்டது இதுதானே?

ப: அது மீகடத்தல். மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கே: சுத்தமான செம்பு வாங்கினேன். வெட்டி, உலையில் பதப்படுத்தி அளந்தால் தடை ஏறுகிறது.

ப: எதால் வெட்டினீர்கள்? எஃகு பிளேடு என்றால் வெட்டுமுனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கழுவாமல் உலையில் வைத்தால் அது உள்ளே ஊறிவிடும். இதை எத்தனை தடவைதான் சொல்வது!

கே: கோண்டோ தீர்த்தார் என்பது மிகை. அவர் கணக்கில் சுழிக் கெல்வினை நெருங்கினால் தடை முடிவிலிக்கல்லவா போகிறது?

ப: பாதி ஒத்துக்கொள்கிறேன். ஏன் ஏறுகிறது என்பதற்கு அவர் பதில் சொன்னார். எங்கே நிற்கிறது என்பதற்கு 1975-ல் அமெரிக்க இயற்பியலாளர் கென்னத் வில்சன் வர வேண்டியிருந்தது. எலக்ட்ரான்கள் கூடி அணுவின் ஸ்பின்னை மூடிவிடும், ஏற்றமும் நின்றுவிடும். செம்பில் இரும்புக்கு இது சுமார் 30 கெல்வினிலேயே தொடங்கிவிடும், மாங்கனீசுக்கோ கெல்வினில் நூறில் ஒரு பங்குவரை இறங்க வேண்டும்.

கே: அப்படியானால் வில்சன் விளைவு என்றல்லவா பெயர் வைத்திருக்க வேண்டும்?

ப: கேள்வியைத் திறந்தவருக்கு ஒரு மரியாதை உண்டு தம்பி. மடக்கை இல்லையென்றால் வில்சனுக்கு வேலையே இல்லை.

கே: எதற்காவது பயன்படுமா, அல்லது மீகடத்தலுக்கு மட்டும்தானா?

ப: மீகடத்தல் இல்லை, இல்லை, இல்லை. பயன் உண்டு. தங்கத்தில் 0.07 சதவீதம் இரும்பு கலந்த கம்பியைக் குரோமெல் என்ற நிக்கல்-குரோமியக் கலவைக் கம்பியுடன் இணைத்தால், திரவ ஹீலியக் குளிரிலும் வெப்பநிலையை அளக்கும் வெப்பமின் இரட்டை (thermocouple) கிடைக்கும். அந்தக் கம்பிக்கு மட்டும் இரும்பை வேண்டுமென்றே போடுகிறார்கள்.