மதனகாமப்பூ பூவா?

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ வாங்கினேன். இதழும் இல்லை, காம்பும் இல்லை. மரச்செதில் மாதிரி இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், தேனி

பதில்: கடைக்காரர் ஏமாற்றவில்லை, பெயர்தான் ஏமாற்றுகிறது. இது பூவே அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைக்கஸ் சர்சினாலிஸ் என்ற மரத்தின் ஆண் கூம்பிலிருந்து (மகரந்தச் செதில்கள் அடுக்கடுக்காக அமைந்த கூம்பு வடிவ உறுப்பு) உதிர்த்த செதில். ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் முழுக்கக் கடுகைவிடச் சிறிய பைகள் நெருங்கி இருக்கும். மகரந்தம் இருந்த இடம் அது.

நெல், மா, தென்னை போலப் பூத்து, விதையைக் கனிக்குள் பொதிந்து வைப்பவை ஏறத்தாழ 3 லட்சம் இனங்கள். நம் சோறு, பருப்பு, எண்ணெய், பருத்தி எல்லாம் அவை தருபவை. பூக்காமல், விதையை மூடாமல் வைக்கும் பைன், சைப்ரஸ், ஜின்கோ, சைக்கஸ் கூட்டத்தில் சுமார் 1,000 இனங்களே உண்டு. சைக்கஸில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தின் உச்சியில் பழுப்பு ரோமம் படர்ந்த சிற்றிலைகளின் ஓரத்திலேயே விதைகள் தொங்கும். ஆண் கூம்புகளை வெட்டி விற்றுவிட்டால் அங்கே விதை கட்டாது. அருகிவரும் மரம் இது, வாங்காமலிருப்பதே நல்லது.

கேள்வி: தொட்டியில் ‘சேகோ பாம்’ வைத்திருக்கிறோம். ஜவ்வரிசி இதிலிருந்துதானா? – வாசகி, ஓசூர்

பதில்: இல்லை. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளி மாவு. அசல் சேகோ மரம் நியூகினி, இந்தோனேசியச் சதுப்புகளில் வளரும் பனை வகை. உங்களிடம் இருப்பது ஜப்பானிய சைக்கஸ், பனையே அல்ல. இதன் எல்லாப் பாகத்திலும் நஞ்சு உண்டு, விதையில் மிக அதிகம். கேரளத்தில், மேலே சொன்ன சைக்கஸ் சர்சினாலிஸ் மரத்தின் விதையை (ஈந்தங்காய்) நறுக்கிக் காயவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகே மாவாக்குகிறார்கள். இதிலுள்ள ‘சைக்கசின்’ என்ற நஞ்சு நீரில் கரையும். ஊறல் குறைந்தால் அது மாவிலேயே தங்கிவிடும். வீட்டில் முயல வேண்டாம். நாய்க்கு ஒன்றிரண்டு விதையே ஆபத்து. தின்றது தெரிந்தால், வாந்தி எடுக்கட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: அதே செடி எங்கள் வீட்டில் மஞ்சளாகிறது. – வாசகர், கோவை

பதில்: அடியிலைகள் மட்டும் என்றால் வயதுதான். புது இலைகள் மஞ்சளித்துச் சுருங்கினால் மாங்கனீசு பற்றாக்குறை. தண்டு மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் மிஞ்சி அழுகுகிறது; மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்தபின்தான் ஊற்ற வேண்டும். தொட்டி மாற்றும்போது பவளம் போன்ற வேர்முடிச்சு தென்பட்டால் நோயென்று நறுக்கிவிடாதீர்கள். அதில் குடியிருக்கும் நீலப்பசும்பாசிதான் செடிக்கு நைட்ரஜன் கொடுக்கிறது.