சலூன் வரிசைக் கணக்கில் 24 நிமிடம் வருவது ஏன்?

பாய்சான் வருகை (ஒருவரையொருவர் சாராமல் தற்செயலாக வருவது), சராசரி மணிக்கு 6 பேர். அடுக்குக்குறிச் சேவை (முடிவெட்டும் நேரம் ஆளுக்கு ஆள் தற்செயலாக மாறுவது), சராசரி மணிக்கு 5 பேர். முடிவெட்டும் நாற்காலியோடு மொத்தம் 4 இடம். ஒருவர் கடைக்குள் இருக்கும் சராசரி நேரத்துக்குச் சூத்திரம் 24 நிமிடம் தருகிறது, சிமுலேஷன் (கணினியில் கடையை ஓட்டிப் பார்ப்பது) 33 காட்டுகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். சிமுலேஷன்தான் சரி.

வருகையைச் சேவையால் வகுத்த விகிதம் 1.2. அதன் 0 முதல் 4 வரையான அடுக்குகளின் கூட்டல் 7.4416. கடைசி அடுக்கு 2.0736ஐ இதால் வகுத்தால் 0.279. அதாவது நூற்றுக்கு 28 பேர் இடமில்லாமல் வாசலோடு திரும்புகிறார்கள். உள்ளே சராசரி 2.36 பேர் என்பதுவரை நீங்கள் போட்டது சரி. அப்புறம் லிட்டில் விதியில் (உள்ளே இருக்கும் சராசரி ஆட்களை, நுழையும் வேகத்தால் வகுத்தால் சராசரி நேரம்) 6ஆல் வகுத்துவிட்டீர்கள். திரும்பிப் போனவர் காத்திருக்கவே இல்லையே! மணிக்கு உள்ளே நுழைந்த 4.33 பேரால் (6ல் திரும்பியவர் போக) வகுங்கள், 0.545 மணி, கிட்டத்தட்ட 33 நிமிடம்.

சரிபார்க்க ஒரு வழி: கடை காலியாக இருக்கும் வாய்ப்பு 0.134. மீதி 0.866 பங்கு நேரம் முடிவெட்டு நடக்கிறது; 5ஐ அதால் பெருக்கினாலும் அதே 4.33 வரும்.